உங்க ஊர் கம்மாயையும் குன்றையும் ஊராட்சி வழியாவே காப்பாத்தறது எப்படி? (டூரிசம் கடைசியில வரட்டும்) – முழு வழிகாட்டி

எந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பாத்தாலும் இப்போ ஒரே பேச்சுதான், எங்க ஏரியை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கணும், போட்டிங் விடணும், நடைபாதை போடணும், ஊர் பேரைப் பெரிய எழுத்துல வெச்சு ஒரு செல்ஃபி பாயிண்ட் கட்டணும். ஆசைப்படறது தப்பே இல்ல. ஆனா இந்த வரிசைல ஆரம்பிச்ச நிறைய இடத்துல முதல்ல கான்கிரீட் வந்துச்சு, அடுத்து பஜ்ஜி கடை வந்துச்சு, அப்புறம் பறவை வர்றது நின்னுடுச்சு. அதனால இந்த வழிகாட்டி அப்படியே தலைகீழா போகும்: முதல்ல ரெக்கார்டு, அப்புறம் கமிட்டி, பதிவேடு, தீர்மானம், அறிவிப்பு, இதெல்லாம் ஆன பிறகுதான் ஆளைக் கூப்பிடறது. தமிழ்நாட்டு கிராம ஊராட்சியை மனசுல வெச்சுதான் எழுதறேன், டவுன்ல இருக்கறவங்களுக்கு எங்கெங்க மாறும்னு தனியா ஒரு பகுதி இருக்கு.

ஏன் இவ்ளோ காகித வேலை? அரிட்டாபட்டியைப் பாருங்க

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. ஏழு குன்று, சுனைகள், பழைய கம்மாய்கள், பாண்டியர் கால குடைவரை சிவன் கோவில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, லகர் ஃபால்கன் ஷாஹின் ஃபால்கன் மாதிரி வேட்டைப் பறவைகள்னு எல்லாம் ஒரே இடத்துல இருக்கற ஊர். 2022 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு கிராமத்துலயும் சேத்து சுமார் 193 ஹெக்டேரை பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு (அரிய உயிரினங்களும் ஊர் மரபும் சேந்து இருக்கறதால காப்பாத்த வேண்டிய இடம்னு) அறிவிச்சது. மாநிலத்துல அதுதான் முதல் தலம்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 நவம்பர்ல, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்னு 2,000 ஹெக்டேருக்கு மேல ஒன்றிய அரசு ஏலம் விட்டது, ஹிந்துஸ்தான் ஜிங்க் ஏலத்துல ஜெயிச்சது, அந்த பிளாக் எல்லைக்குள்ள இந்த பாரம்பரியத் தலமும் வந்துடுச்சு. அப்போ அறிவிப்பு என்னத்த காப்பாத்துச்சுன்னு கேப்பீங்க. ஏலத்தை அது தடுக்கல, அது உண்மை. ஆனா ஊர்க்காரங்க போராட எழுந்தப்போ வெறும் கோஷத்தோட எழல, கைல அரசே போட்ட அறிவிப்பு இருந்துச்சு, கிராம சபைகள்ல தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9 சட்டமன்றத்துல தீர்மானம் வந்துச்சு, டிசம்பர் கடைசில ஒன்றிய சுரங்க அமைச்சகமே பாரம்பரியத் தலம் இருக்கற பகுதியை விட்டுட்டு எல்லையை மறுபடி பாக்கச் சொல்லி புவியியல் ஆய்வுத் துறைகிட்ட கேட்டுச்சு, 2025 ஜனவரி 7 மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைக்கு பேரணியா கிளம்பிச்சு, ஜனவரி 23 ஏலமே ரத்து. போராட்டம்தான் ஜெயிச்சது, சந்தேகமே இல்ல. ஆனா அமைச்சகத்தை முதல் அடி பின்னாடி எடுத்து வைக்க வெச்சது அந்த 193 ஹெக்டேர் அறிவிப்புன்னு நான் நினைக்கறேன். அந்த மாதிரி ஒரு காகிதத்தை உங்க ஊருக்கும் எப்படி வாங்கறதுன்னுதான் இனி பாக்கப் போறோம்.

படி 1: அந்த இடம் யாரோடதுன்னு எழுத்துல தெரிஞ்சுக்கோங்க

"நம்ம கம்மாய்"னு ஊரே சொல்லும், ரெக்கார்டுல வேற மாதிரி இருக்கும். பொதுவா 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு (ஏரித் தண்ணி பாயற வயல் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத்துறைது (பழைய பொதுப்பணித்துறை), அதுக்குக் கீழ உள்ளது ஊராட்சி ஒன்றியத்துது, குளம் குட்டை ஊருணி ஊராட்சிது. குன்றுன்னா வருவாய்த்துறை புறம்போக்கா, காப்புக்காடா, கோவில் நிலமான்னு பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் கதவைத் தட்டற ஆபீஸ் வேற, தப்பான ஆபீஸ்ல மனு குடுத்தா ஒரு வருஷம் சும்மாவே ஓடிடும்.

எடுக்க வேண்டியது: சர்வே நம்பர், அ-பதிவேடு (நிலம் யாரோடது, என்ன வகைன்னு சொல்ற வருவாய்த்துறை ரெஜிஸ்டர்) நகல், புலப்படம் (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்), கிராம வரைபடம். அ-பதிவேடு வருவாய்த்துறையோட இ-சேவை தளத்துலயே பாக்கலாம், புறம்போக்கு நிலம்னா அங்கயே என்ன வகைன்னு காட்டும். கிராம வரைபடத்துல ஏரியை மட்டும் பாக்காதீங்க, வரத்துக் கால்வாயைப் பாருங்க, கலுங்குலேர்ந்து (ஏரி நிறைஞ்சா தண்ணி வழியற இடம்) மறுகால் எங்க போகுதுன்னு பாருங்க. ஏரி நிறைஞ்சா தண்ணி எங்க போகணுமோ அங்கதான் யாராவது காம்பவுண்டு கட்டியிருப்பாங்க. ஊர்ல ஒரு பழைய மடையாளோ நீர்க்கட்டியோ (மடை திறந்து தண்ணி பாய்ச்சறவர்) இருந்தா அவரைக் கூட்டிட்டு வரைபடத்தோட ஒரு தடவை கால்வாய் நெடுக நடந்துடுங்க, கூகுள் மேப்ல பாக்கறதும் நேர்ல பாக்கறதும் ஒண்ணு இல்ல.

ரெக்கார்டு குடுக்க மாட்டேங்கறாங்கன்னா தகவல் உரிமைச் சட்ட மனு, கட்டணம் 10 ரூபா, 30 நாள்ல பதில் தரணும். கேள்வியை "ஏன் ஆக்கிரமிப்பை எடுக்கல"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதிலே வராது. "இன்ன சர்வே எண்ணின் அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல், கடைசியாக அளந்த அறிக்கையின் நகல்"னு ஆவணமா கேளுங்க.

ஒரு விஷயம் சொல்லிடறேன், ஆக்கிரமிப்புன்னதும் கரைமேல குடிசை போட்டிருக்கறவங்க மேலதான் முதல் கை நீளும், ஏரியோட வயித்துக்குள்ள ஏக்கர் கணக்குல வேலி போட்டவன் கடைசில வருவான், இல்ல வரவே மாட்டான். மனு எழுதும்போதே பரப்பளவோட எழுதுங்க, யாரு எவ்ளோங்கறது அப்போ தானா தெரியும். குடியிருக்கறவங்களுக்கு மாத்து இடம் குடுக்கணும்னு அதே மனுல கேட்டுடுங்க, இல்லன்னா உங்க கூட நிக்க வேண்டிய பாதி ஊர் எதிர்ப்பக்கம் போய் நிக்கும்.

படி 2: உங்க ஊர்ல ஒரு கமிட்டி ஏற்கனவே இருக்கு, அதைத் தேடிப் பிடிங்க

இது பாதி பேருக்குத் தெரியாது. 2002ல வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் பிரிவு 41 படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒண்ணு அமைச்சே ஆகணும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர் பதிவேடுன்னு ஒரு ரெஜிஸ்டர் போடணும். பல வருஷம் யாரும் கண்டுக்கல. அப்புறம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31க்குள்ள முடிங்க, முடிக்காத மாநிலம் மாசம் 10 லட்சம் கட்டணும்னு சொல்லிச்சு, உடனே நாடு முழுக்க அவசர அவசரமா கமிட்டி போட்டாங்க. விளைவு என்னன்னா, பேப்பர்ல கமிட்டி இருக்கும், அதுல உறுப்பினரா இருக்கற அம்மாவுக்கே தான் உறுப்பினர்னு தெரியாது.

ஊராட்சிச் செயலர்கிட்ட போய் "பல்லுயிர் குழு அமைச்ச தீர்மான நகல், பதிவேட்டு நகல் குடுங்க"ன்னு கேளுங்க. மூணுல ஒண்ணு நடக்கும். கமிட்டி இருக்கு, ஆளுங்க செயல்படலன்னா மாத்தி அமைக்கச் சொல்லுங்க. கமிட்டி இருக்கு, பதிவேடு பக்கத்து ஊரோடதைக் காப்பி அடிச்ச மாதிரி இருக்குன்னா (மலையே இல்லாத ஊர் பதிவேட்டுல மலைத்தேன் இருந்தா புரிஞ்சுக்கோங்க) புதுசா போடணும். எதுவுமே இல்லன்னா ரொம்ப நல்லது, முதல்லேர்ந்து சரியா செய்யலாம்.

2004 விதிகள்படி குழுங்கறது ஒரு தலைவரும் 6 உறுப்பினரும், மூணுல ஒரு பங்குக்குக் குறையாம பெண்கள், 18 சதவீதத்துக்குக் குறையாம பட்டியல் சாதி, பழங்குடி. 2023 திருத்தத்துக்குப் பிறகு குழுவோட அமைப்பை மாநில அரசு நிர்ணயிக்கும்னு மாத்தியிருக்காங்க, அதனால இப்போ நடப்புல உள்ள எண்ணிக்கையை மாநில பல்லுயிர் வாரியத்துகிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க. எண்ணிக்கையை விட ஆள்தான் முக்கியம். ஆடு மேய்க்கறவர், மீன் பிடிக்கறவர், பச்சிலை தெரிஞ்ச பாட்டி, விதை சேமிக்கற விவசாயி, பள்ளிக்கூட வாத்தியார், இப்படி இருந்தா கமிட்டி வேலை செய்யும். காண்ட்ராக்டரோட மச்சானை மட்டும் உள்ள விட்டுடாதீங்க.

படி 3: பதிவேடு. இங்கதான் நிறைய நேரம் செலவழிக்கணும்

அவசரப்படவே கூடாத இடம் இது. ஒரு வருஷம் முழுக்க பாத்தாதான் பதிவேடு முழுசாகும், ஏன்னா ஐப்பசில வர்ற பறவை சித்திரைல இருக்காது, கோடைல வத்துன கம்மாய்ல முளைக்கற செடி மார்கழில தண்ணிக்கு அடில இருக்கும். ஊர்ல சொல்ற பேர்லயே எழுதுங்க: விரால், கெளுத்தி, அயிரை, குரவை, நத்தைக்கொத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், தாழைக்கோழி. பக்கத்துல இருக்கற கல்லூரியோட தாவரவியல், விலங்கியல் துறைகிட்ட கேட்டா அறிவியல் பேர் போட்டுக் குடுப்பாங்க, பசங்களுக்கும் அது ப்ராஜெக்ட் ஆயிடும்.

பறவைக்கு ஈபேர்ட் ஆப் இருக்கு, யாரு வேணா லிஸ்ட் போடலாம், தேதி இடத்தோட பதிவாகும், நாளைக்கு "இங்க பறவையே வராது"ன்னு ஒரு ஆபீசர் ரிப்போர்ட் எழுதினா இதை எடுத்துக் காட்டலாம். வருஷா வருஷம் ஜனவரில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், அந்த நாலு நாள் பள்ளிக்கூடப் பசங்களைக் கரையில நிக்க வெச்சாலே உங்க ஏரி மேப்ல ஏறிடும். போட்டோ எடுக்கும்போது கூடு பக்கத்துல போகாதீங்கன்னு முதல் நாளே சொல்லிடுங்க, இந்த போட்டோகிராஃபர் கூட்டம் பண்ற தொல்லை தனிக் கதை.

பறவை, மரம் மட்டும் பதிவேடு ஆகாது. நாட்டு மாடு, ஆட்டு இனம், பழைய நெல் ரகம், கோவில்காடு, சுனை, மேய்ச்சல் பாதை, எந்த மாசம் எந்த மடை திறப்பாங்கங்கற வழக்கம் எல்லாமே சேரும். ஒரே ஒரு எச்சரிக்கை: பச்சிலை வைத்திய விவரத்தை ஊர் ஃபேஸ்புக் பேஜ்ல போட்டுடாதீங்க. அந்த அறிவு வெளியாளுக்குப் போறதைக் கட்டுப்படுத்தறதும் இந்தச் சட்டத்தோட ஒரு நோக்கம், வியாபாரத்துக்காக யாராவது உங்க எல்லைக்குள்ள பச்சிலையோ பட்டையோ சேகரிச்சா அதுக்குக் கட்டணம் வாங்கற அதிகாரம்கூட குழுவுக்கு சட்டத்துல இருக்கு.

படி 4: கிராம சபையில தீர்மானம்

வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரி விஷயத்துக்கு அந்தக் கூட்டம் தோதா இருக்கும், ஆபீசர்களும் தண்ணி பத்திப் பேசத் தயாரா வந்திருப்பாங்க.

கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை) முக்கியம். மக்கள்தொகை 500 வரைன்னா 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300 பேர் வரணும். கோரம் இல்லாத கூட்டத்துல போட்ட தீர்மானத்தை எவனாவது கோர்ட்டுல ஒரே வரில தூக்கிடுவான். அதனால கையெழுத்து நோட்டை கவனமா பாருங்க.

கூட்டத்துக்கு முன்னாடியே பொருளைத் தலைவர்கிட்டயோ, 2019ல தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரில முடிஞ்சு தேர்தல் நடக்காம இருக்கற ஊர்னா தனி அலுவலர்கிட்டயோ (தலைவர் இடத்துல அரசு போட்ட அதிகாரி) எழுத்துல குடுத்து அத்தாட்சி வாங்கிடுங்க. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துட்டுப் போங்க, கூட்டத்துல கத்திட்டு வந்துட்டா செயலர் நோட்டுல "ஏரியைச் சுத்தம் செய்வது குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு மட்டும் எழுதியிருப்பார். மாதிரி ஒண்ணு:

"எங்கள் ஊராட்சி எல்லைக்குட்பட்ட சர்வே எண் ___, ___ ஹெக்டேர் பரப்புள்ள ___ கண்மாயும் அதன் வரத்துக் கால்வாய்களும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் கண்டுள்ள பறவைகள், மீன்கள், மரங்களுக்கு வாழிடமாக உள்ளன. எனவே உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002 பிரிவு 37-ன் கீழ் இதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநில பல்லுயிர் வாரியம் வழியாக அரசைக் கேட்டுக்கொள்வது என்றும், பாசனம், மேய்ச்சல், மீன்பிடி, வழிபாடு உள்ளிட்ட மக்களின் நடப்பு உரிமைகள் எதுவும் இதனால் பாதிக்கப்படக் கூடாது என்றும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

கடைசி வரியை விட்டுடாதீங்க. "அறிவிச்சா ஆடு மேய்க்க விடமாட்டான், சாமி கும்பிட விடமாட்டான்"னு ஒரு வதந்தி கண்டிப்பா கிளம்பும், சரணாலயம் வேற இது வேறன்னு அந்த வரியைக் காட்டித்தான் புரிய வைக்கணும். தீர்மானம் நிறைவேறின அன்னைக்கே நோட்டை போட்டோ எடுத்து வெச்சுட்டு, சீல் போட்ட நகலுக்கு மனு குடுத்துடுங்க.

படி 5: எந்தச் சட்டத்துல நுழையறது?

ஈரநிலம்னு அறிவிக்கச் சொல்லலாமேன்னு நிறைய பேர் ஓடறாங்க. 2017 ஈரநில விதிகள்ல ஒரு சிக்கல் இருக்கு, பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனுஷன் வெட்டின நீர்நிலை அந்த விதிகளுக்குள்ள வராது. நம்ம ஊர் ஏரி, கம்மாய் எல்லாமே பாசனத்துக்கு வெட்டினதுதானே, அங்கயே கதவு சாத்திடும். பறவைகள் சரணாலயம்னா வனவிலங்குச் சட்டத்துல பலம் ஜாஸ்திதான், ஆனா கட்டுப்பாடு வனத்துறை கைக்குப் போயிடும், ஊர் உரிமைகளைப் பத்தி நீளமா பேச வேண்டியிருக்கும். திருப்பூர் நஞ்சராயன் குளம் மாதிரி பெரிய இடத்துக்கு அது சரி, 2022ல சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சார் பட்டியல்லயும் (முக்கியமான ஈரநிலங்களோட சர்வதேசப் பட்டியல்) ஏறிடுச்சு.

சின்ன ஊருக்கு பிரிவு 37 பாரம்பரியத் தலம்தான் பொருந்தும்னு நான் சொல்வேன். இடம் பெருசா இருக்கணும்னு அவசியமே இல்ல. 2025ல அறிவிச்ச திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோவில் கோவில்காடு 5 ஹெக்டேர்கூட முழுசா கிடையாது. அதே வருஷம் ஈரோடு மாவட்டம் எலத்தூர் ஏரிக்கும் கிடைச்சது. பாசனமோ கோவிலோ இருக்கறது தடையா இல்லங்கறதுக்கு இந்த ரெண்டுமே போதும். தீர்மானம், பதிவேடு, வரைபடம், போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபைலா கட்டி மாநில பல்லுயிர் வாரியத்துக்கு ஒண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு, மாவட்ட வன அலுவலருக்கு ஒண்ணு அனுப்புங்க. மாவட்ட காலநிலை மாற்ற இயக்கத்துக்கு கலெக்டர்தான் தலைவர், வன அலுவலர்தான் காலநிலை அலுவலர், அதனால அந்த ரெண்டு ஆபீஸை விட்டுடக் கூடாது. அப்புறம் காத்திருக்கணும், சும்மா காத்திருக்காம அடுத்த படியை ஆரம்பிங்க.

படி 6: ஏரிக்குள்ள வேலை பாக்கும்போது

தூர்வாரறோம்னு ஜேசிபி விட்டு தட்டு மாதிரி சமமா சொரண்டறதுதான் பெரிய கேடு. ஆழம் ஒரே மாதிரி ஆயிட்டா நாரைக்கு நிக்க இடமில்ல, கரையோரம் ஆழம் கம்மியா சரிவா இருக்கணும், நடுவுல மண் திட்டு விட்டு அதுல நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ நிக்கணும், கூடு அங்கதான் கட்டும். சீமைக் கருவேலத்தை எடுக்கணும், ஆனா பறவை அதுல கூடு கட்டியிருந்தா குஞ்சு பறந்த பிறகு எடுங்க, மாத்து மரம் வளர்ற வரைக்கும் கொஞ்சம் விட்டு வைங்க. பொது இடத்துல வேற மரம் வெட்டணும்னா கலெக்டர் தலைமைல உள்ள மாவட்ட பசுமைக் குழு அனுமதி வேணும்.

வண்டல் மண் விவசாயிங்களும் குயவருங்களும் இலவசமா எடுத்துக்கலாம், 2024லேர்ந்து தாசில்தார் அளவுலயே அனுமதி தர்ற மாதிரி எளிமையாக்கிட்டாங்க. எங்க எடுக்கணும், எவ்ளோ ஆழம்னு கமிட்டி ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும், இல்லன்னா வண்டல் பேர்ல கிராவல் போயிடும்.

மீன் ஏலம் இருக்கே, அதுதான் நிஜமான சண்டை வர்ற இடம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டியிருக்கார், நீர்க்காகம் வந்து மீனைத் தின்னா அவருக்கு வயிறு எரியும், வெடி போட்டு விரட்டுவார், கடைசில தண்ணியை இறைச்சு வத்த வெச்சு அள்ளிடுவார். அவரை வில்லன் ஆக்காம ஏல நிபந்தனையை மாத்துங்க: வெடி போடக் கூடாது, குறைஞ்சபட்ச தண்ணி அளவு இவ்ளோ நிக்கணும், கூடு கட்டற மாசங்கள்ல திட்டுப் பக்கம் வலை போடக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது, அதுக்குப் பதிலா ஏலத் தொகையைக் குறைச்சுக்கோங்க. குறையற பணத்தை எங்கேர்ந்து ஈடு கட்டறதுங்கறதுக்குத்தான் அடுத்த படி.

வெடின்னதும் சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி ஞாபகம் வருது. வேட்டங்குடி சரணாலயப் பறவைக்காக அந்த ஊர்க்காரங்க பல வருஷமா தீபாவளிக்கே பட்டாசு வெடிக்கறதில்ல, வனத்துறை அவங்களுக்கு ஸ்வீட் குடுத்துப் பாராட்டும். எந்த அரசாணையும் அந்த அளவுக்குப் போகாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

படி 7: இப்போ ஆளுங்களைக் கூப்பிடலாம், எண்ணிக்கையோட

முதல் முடிவு எத்தனை பேர்ங்கறதுதான். ஊட்டி, கொடைக்கானல்ல என்ன ஆச்சுன்னு பாருங்க, கூட்டம் எல்லை மீறி, சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வந்துச்சு, அதுவும் போதாம 2025 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதில 8,000 வண்டின்னு உச்சவரம்பு போட வேண்டி வந்துச்சு. ஹோட்டல், கடை எல்லாம் வந்த பிறகு வரம்பு போட்டா எல்லாரும் எதிர்ப்பாங்க. நீங்க கடையே இல்லாத இன்னைக்கே போட்டுடுங்க: ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு குரூப்ல இத்தனை பேர், கூடு கட்டற சமயத்துல இந்தக் கரை மூடியிருக்கும். அதையும் கிராம சபை தீர்மானமாவே ஆக்கிடுங்க.

வண்டி கரைக்கு வரவே கூடாது. ஊர் எல்லையில நிறுத்திட்டு நடந்து வரட்டும், அந்த நடைலதான் டீக்கடைக்கும் இளநீர் விக்கற அம்மாவுக்கும் வியாபாரம். லைட்டு, ஸ்பீக்கர், ட்ரோன், போட்டிங் வேண்டாம். கரையில பறவை மிரளாம நின்னு பாக்க ஒரு மறைப்பு, ரெண்டு பைனாகுலர், ஊர்ப் பசங்க எழுதின தமிழ் பேர்ப் பலகை, சுத்தமான கழிப்பறை, இவ்ளோ போதும். கழிப்பறை கழிவு ஏரிக்குச் சரியற பக்கம் போகாம பாத்துக்கோங்க, சொல்லவே வேண்டாம்னு நினைச்சேன், ஆனா சொல்ல வேண்டியிருக்கு.

வழிகாட்டி யாரு? ஊர் ஆளுங்கதான். தேனிக்கு அந்தப் பக்கம் கேரளாவுல பெரியாறு புலிகள் காப்பகத்துல காட்டுக்குள்ள திருட்டுத்தனமா வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரிச்சவங்களையே குழுவாக்கி டூரிஸ்ட்டுக்கு வழிகாட்ட வெச்சாங்க, காட்டை அவங்களை விட யாருக்குத் தெரியும், திருட வர்றவனையும் அவங்களே பிடிச்சாங்க. உங்க ஊர்லயும் கண்ணி வெச்சுக் கொக்கு பிடிக்கற ஆள் ஒருத்தர் இருப்பார், அவரை முதல்ல கூப்பிட்டுப் பேசுங்க. ஒண்ணு, இடம் காப்புக்காடுன்னா ஊராட்சி தானா டிக்கெட் போட முடியாது, வனத்துறை கூட சேந்துதான் செய்யணும்.

குப்பைக்கு: ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லேர்ந்தே மாநிலத் தடை இருக்கு, ஆனா டூரிஸ்ட் இடத்துல போர்டு வெச்சா மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. நீலகிரில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூடுதலா வாங்கி காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பணம் திருப்பிக் குடுத்தாங்க, காட்டுல கிடக்கற உடைஞ்ச பாட்டில் விலங்குகளுக்கு ஆபத்துன்னு கோர்ட்டு வழியா வந்த ஏற்பாடு அது. அதே முறைய நீங்க தண்ணி பாட்டிலுக்கு வைங்க, உள்ள போகும்போது பாட்டிலை எண்ணி டெபாசிட், வரும்போது காட்டிட்டு வாங்கிக்கட்டும்.

பணம் தனிக் கணக்குல போகணும். குழுவுக்குன்னு உள்ளூர் பல்லுயிர் நிதி வைக்கலாம்னு சட்டத்துலயே வழி இருக்கு, ஊராட்சிப் பொதுக் கணக்குல கலந்துட்டா தெருவிளக்கு பில்லுக்குப் போயிடும். வரவு செலவை ஒவ்வொரு கிராம சபைலயும் படிங்க, மீன் ஏலத்துல குறைஞ்ச தொகையை இதுலேர்ந்து ஈடு கட்டினோம்னு கணக்கைக் காட்டினா அடுத்த வருஷம் எவரும் வாய் திறக்க மாட்டாங்க.

டவுன்ல இருக்கறவங்களுக்கு

உங்களுக்கு கிராம சபை இல்ல, பகுதி சபையும் வார்டு கமிட்டியும் இருக்கு. 2022 விதிகளுக்குப் பிறகு அந்த வருஷம் நவம்பர் 1 முதல் தடவையா பகுதி சபைகள் கூடிச்சு. பல்லுயிர் குழு அமைக்கற கடமை நகராட்சி, மாநகராட்சிக்கும் அப்படியே உண்டு. ஆனா நகரத்துல ஒரு கூடுதல் தலைவலி, கெடுக்கறதே சில சமயம் உள்ளாட்சிதான். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022லேர்ந்து ராம்சார் தலம், ஆனா அதை ஒட்டி பெருங்குடில பல பத்தாண்டா குப்பை கொட்டினது சென்னை மாநகராட்சியேதான், அப்புறம் பயோமைனிங்னு (பழைய குப்பையைத் தோண்டிப் பிரிச்சு எடுக்கறது) அதையே அள்ள வேண்டி வந்துச்சு. அதனால நகரத்துல முதல் வேலை பதிவேடு கிடையாது, ஏரிக்குள்ள எந்தெந்த வடிகால் சேருது, அதுல எது கழிவுநீர்னு மேப் போடறதுதான். சாக்கடை கலக்கறது நிக்காத ஏரிக்கு மத்த எதுவும் செஞ்சு பிரயோஜனம் இல்ல.

அடுத்தது அழகுபடுத்தும் டெண்டர். ஸ்மார்ட் சிட்டி பணத்துல கோவையில உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரையெல்லாம் நடைபாதை, விளக்குன்னு மாறிச்சு. சாயங்காலம் குடும்பத்தோட நடக்க நல்லாதான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா சுத்துவட்டம் முழுக்க கரையை மக்களுக்குக் குடுத்துட்டா பறவைக்கு ராத்திரி ஒதுங்க எது கரை? டெண்டர் வர்றதுக்கு முன்னாடியே, திட்ட அறிக்கை நிலையிலயே, ஒரு பக்கக் கரை மண்ணாவே இருக்கணும், அங்க விளக்கு வரக் கூடாதுன்னு வார்டு கமிட்டில பதிவு பண்ணுங்க. ஒப்பந்தம் போட்ட பிறகு ஒரு விளக்குக் கம்பத்தைக்கூட நகத்த முடியாது. பணம் போதலன்னா நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு கட்டி மீதியை அரசுகிட்ட வாங்கலாம், அங்க என்ன வேலை நடக்கணும்னு சொல்றதுல உங்களுக்கும் குரல் இருக்கும்.

படி 8: ஆள் மாறும்போது

தலைவர் மாறுவார், கலெக்டர் மாறுவார், ஆர்வமா இருந்த ரேஞ்சர் டிரான்ஸ்ஃபர்ல போயிடுவார், புதுசா வர்றவருக்கு உங்க ஃபைல் எந்த அலமாரில இருக்குன்னே தெரியாது. அதனால முழு செட்டு நகல் மூணு இடத்துல இருக்கணும்: ஊராட்சி ஆபீஸ், பள்ளிக்கூடம், கமிட்டில ஒருத்தர் வீடு. புது ஊராட்சி மன்றம் பதவியேத்ததும் முதல் கிராம சபைலயே குழுவைத் திருத்தி அமைக்கற பொருளையும், பழைய பார்வையாளர் வரம்பு, ஏல நிபந்தனை தீர்மானங்களை உறுதி செய்யற பொருளையும் சேத்துடுங்க. பதிவேட்டுல புதுசா பாத்த பறவை, காணாமப்போன மீனைச் சேக்கறதுக்கு பொங்கல் கணக்கெடுப்பு முடிஞ்ச அடுத்த வாரம் ஒரு நாள் ஒதுக்கினா ஜனவரி 26 கூட்டத்துல வெச்சு கையெழுத்து வாங்கிடலாம்.